பால் பல்தானே

மற்றவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே என் பிழைப்பு ஓடிவிட்டது. நான் பல் டாக்டர் இல்லை, தாதியும் இல்லை. அரசாங்கப் பல் கிளினிக்கில் உதவியாள். கண்ணாடியை எடுத்துக் கொடுப்பேன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன், தாதி சொல்லச் சொல்ல அட்டையில் எழுதுவேன், பிள்ளை உதைத்தால் காலை அமுக்கிக்கொள்வேன், கடைசியில் கருவிகளைக் கழுவி வைப்பேன். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இத்தனை காலத்தில் எத்தனை வாய் பார்த்தேனோ, எதுவும் முகத்தோடு நினைவில் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நான் கெடுத்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்போது நான் பள்ளிக்கூடக் குழுவில் இருந்தேன். நான், ஒரு மலாய்க்காரத் தாதி, ஒரு டிரைவர், ஒரு வேன். அவ்வளவுதான் குழு. சுங்கைப்பட்டாணியிலிருந்து கிளம்பி மெர்போக், திகாம் பத்து, சிடாம் கிரி என்று சுற்றுவட்டாரப் பாலர் பள்ளிகளுக்குப் போவோம். இரண்டு குட்டி மேசைகளை ஒட்டிப் போட்டு மேலே ஒரு தலையணை வைத்தால் அதுதான் எங்கள் பல் நாற்காலி. பிள்ளை மல்லாந்து படுக்கும். தாதி தலைமாட்டில் உட்கார்ந்து, டார்ச் விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்ப்பாள்.

சொத்தைப் பல்லை எண்ணுவது சுலபம். கடியைப் பார்ப்பதுதான் கஷ்டம். பிள்ளையிடம் வெறுமனே ‘கடி’ என்றால், அது முன்பல்லை நீட்டிக் கடித்துக் காட்டிச் சிரிக்கும். அது நமக்காகக் கடிக்கிற கடி. "எச்சில முழுங்கு, முழுங்கிட்டுப் பின்பல்லால கடி" என்று சொல்ல வேண்டும். முழுங்கும்போது தாடை தான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு வந்துவிடும். அப்போது கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தால் எல்லாம் தெரியும். மேல் முன்பல் கீழ்ப்பல்லை வெளியிலிருந்து கொஞ்சம் மூடினாற்போல நிற்க வேண்டும். பின்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும்.

இந்த இடைவெளி விஷயத்தில் நம் தாய்மார்களின் கணக்கு அப்படியே தலைகீழ். பல் இடைவெளியோடு இருக்கிற பிள்ளையின் அம்மா, "ஓட்ட ஓட்டையா இருக்கு மிஸ்ஸி, இப்பிடியே இருந்துடுமா?" என்று அழாத குறையாக நிற்பாள். பல் நெருக்கமாக, நூல் நுழையாமல் வரிசை கட்டி நிற்கும் பிள்ளையின் அம்மாவுக்கோ பெருமை தாங்காது. உண்மையில் அழ வேண்டியவள் இவள்தான். பால் பல் சின்னது. பின்னால் வரப்போகிற பல் பெரியது. இப்போதே இடம் இல்லாவிட்டால் அது எங்கே போய் உட்காரும்? எனக்கும் இந்த வேலைக்கு வருகிறவரை இது தெரியாது. என் மகளின் நெருக்கமான பால் பற்களைப் பார்த்து மயங்கிக் கிடந்தவள்தான் நானும்.

தாதிக்குத் தமிழ் வராது. நம் பெண்களுக்கு மலாய் தெரியாமல் இல்லை, பசாரில் மீன் விலையை மலாயிலேயே பாதியாகக் குறைத்துவிடுவார்கள். ஆனால் சீருடையைக் கண்டால் வாயடைத்துப் போவார்கள். தாதி சொல்வதற்கெல்லாம் "பாய்க், பாய்க்" என்று தலையாட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, "அந்தம்மா என்னாக்கா சொல்லுது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் சொல்வதுதான் பதில். தாதி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கடிதத்தைவிட நம்ம ஆள் சொன்ன ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அந்த மதிப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

திகாம் பத்துவில் ஒரு பாலர் பள்ளி. அங்கே நான்கு வயதுக் குழந்தை ஒன்று கட்டை விரலை வாயைவிட்டு எடுக்காது. பின்பல்லைக் கடிக்கச் சொன்னால் முன்னால் மேலும் கீழும் சேராமல் ஓர் ஓட்டை தெரியும், அந்த விரலுக்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போல. தாதி பொறுமையாகத்தான் சொன்னாள். திட்ட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக மறக்கடியுங்கள், சின்ன வயதிலேயே விட்டுவிட்டால் ஓட்டை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும் என்றாள். நான் அதைத் தமிழில் சொல்லும்போது என் பங்குக்குப் பயமுறுத்தினேன்.

"இந்தா பாரும்மா, இப்பவே நிப்பாட்டலனா பல்லு முன்னால வந்து மொகமே மாறிப்போயிடும். அப்பறம் அழுது பிரயோசனம் இல்ல லா."

பயமுறுத்தினால்தான் நம் ஜனங்கள் கேட்பார்கள் என்பது என் நினைப்பு. அந்தத் தாய் கேட்டுக்கொண்டாள், நன்றாகவே கேட்டுக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனோம். என்னைப் பார்த்ததும் அந்தக் குழந்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அம்மா ஊசி மிளகாயை அரைத்து விரலில் தடவியிருக்கிறாள். குழந்தை அந்த விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டது. ஒரு வாரம் கண்ணைத் திறக்க முடியவில்லையாம். கேட்டதற்கு, "கிளினிக் அக்காதான் இப்பவே நிப்பாட்டணும்னாங்க" என்று அம்மா சொன்னாளாம். மிளகாய் தடவுவது நம் வீடுகளில் புதிதில்லை. விரல் சூப்பினால் மிளகாய், நகம் கடித்தால் வேப்பெண்ணெய், இரண்டுக்கும் அசையாவிட்டால் ரோத்தான் பிரம்பு. நானும் அப்படி வளர்ந்தவள்தான். அதை நினைக்காமல் வாயைத் திறந்தேன். குழந்தை மேசையில் படுத்தபோதும் கைகளை விடவில்லை, முதுகுக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டது. முன்னால் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது.

அன்று வேனில் திரும்பும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இனி எந்தத் தாயையும் பயமுறுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். ஆனால் எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. பயமுறுத்துவதை விடப்போய், உண்மையையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே சிடாம் கிரி பக்கம் போனோம். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பாலர் பள்ளி. அங்கேதான் அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்தேன். ஐந்து வயது. மேசையில் படுத்த நிமிடத்திலிருந்து வாய் ஓயவில்லை. வீட்டு நாய் நான்கு குட்டி போட்டது, அதில் ஒன்று வெள்ளை, அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார் ஆனால் அழவில்லை, குரங்கு வந்து சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. என்னிடம் தமிழில் பேசினாள், தாதியிடம் மலாயில் பேசினாள், நாங்கள் பதில் சொல்லாவிட்டால் பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள். கண்ணாடி வாய்க்குள் இருக்கும்போதும் பேச்சு நிற்கவில்லை. தாதி சிரித்துச் சிரித்து டார்ச் விளக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு எச்சிலை முழுங்கிக் கடிக்கச் சொன்னோம். சிரித்துக்கொண்டிருந்த தாதி சிரிப்பை நிறுத்தினாள். கீழ் முன்பல் வரிசை மேல் வரிசைக்கு முன்னால் வந்து நின்றது. மேல் பற்கள் உள்ளே மறைந்துவிட்டன. பற்களுக்கு நடுவே இடைவெளி என்பதே இல்லை. தாதி சொல்ல நான் எழுதினேன். முன் கடி தலைகீழ். இடைவெளி, மேலே இல்லை, கீழே இல்லை.

தாதி அதோடு விடவில்லை. பிள்ளையை நாக்கை மடித்து மேலண்ணத்தின் பின்பக்கம் தொடச் சொன்னாள். இரண்டு விரலால் மோவாயை மெல்லப் பின்னுக்கு அணைத்துக்கொண்டு, அப்படியே கடிக்க வைத்தாள். இந்த முறை மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் நுனியோடு நுனி முட்டி நின்றன.

"தெங்கோக் கக், தெங்கோக்", பாருக்கா பாரு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தாடை எலும்பு இன்னும் கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளமாம். பல் நுனிகள் முட்டுவதால், பிள்ளை வசதிக்காகத் தாடையை முன்னே நழுவவிட்டுக் கடிக்கப் பழகிவிட்டாள். இப்போதே டாக்டரிடம் போனால் பல்லில் மாட்டும் ஒரு சின்னத் தகடு, சில மாதம், அநேகமாகத் திரும்பிவிடும். அப்படியே விட்டால் தாடை அந்த வாக்கிலேயே வளர ஆரம்பித்துவிடும், பிறகு பிடிக்க முடியாது. கிளினிக்குக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதினாள். வெளியே நின்றிருந்த தாயிடம் நன்றாக விளக்கிச் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.

தாய்க்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். தோட்டத்தில் உதிரிச் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை. கையில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"தாடையப் பத்திதானக்கா? எனக்குத் தெரியும். எப்பப் பாத்தாலும் தாடைய முன்னால தள்ளிக்கிட்டு ஒரே கோணங்கித்தனம். எத்தன அடி அடிச்சும் திருந்த மாட்டேங்குறா. நேத்துகூட வாயிலயே ஒண்ணு வெச்சேன்."

பிள்ளையைப் பார்த்தேன். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு வீக்கம் இருந்தது. நாங்கள் பல்லைப் பார்த்தோமே தவிர உதட்டைப் பார்க்கவில்லை. என் கண்முன் திகாம் பத்துக் குழந்தை வந்து நின்றது, கைகளை ஒளித்துக்கொண்டு. தாடை தள்ளுவதால்தான் இது வந்தது என்று இவளிடம் சொன்னால், இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அடிக்காதம்மா. புள்ள வேணும்னு செய்யல. ஒண்ணும் இல்ல. பால் பல்லுதான, விழுந்துட்டுப் புதுப் பல்லு வந்தா தானாச் சரியாப் போயிடும்."

"அப்ப இந்தக் கடுதாசி?"

"அது எல்லாருக்கும் குடுக்குறதுதான் லா. முடிஞ்சா வாங்க."

இவ்வளவுதான். ‘அடிக்காதே’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ‘அடிக்காதே, ஆனால் கூட்டிக்கொண்டு வா’ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சுலபமாகத்தான் வருகிறது.

அவள் முகம் தெளிந்துவிட்டது. பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தாள், அதைப் பார்த்து எனக்கும் மனம் குளிர்ந்தது. மோட்டார் கூடையிலிருந்து ஒரு பை ரம்புத்தான் எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன், விடவில்லை. தாதி என்னைப் பார்த்து, புரிந்துகொண்டாளா என்று கேட்டாள். புரிந்துகொண்டாள் என்றேன். வேனில் வரும்போது நானும் தாதியும் டிரைவரும் அந்த ரம்புத்தானை உரித்து உரித்துச் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு. ஒரு குழந்தையை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவில் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

கடிதம் கொடுத்தும் வராதவர்களின் பெயர்ப் பட்டியல் சில மாதம் கழித்து என் மேசைக்கு வரும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கூப்பிடுவது என் வேலை. அந்தப் பட்டியலில் சிடாம் கிரிப் பிள்ளையின் பெயரும் வந்தது. மற்ற எல்லாருக்கும் போன் போட்டேன். அவள் அம்மாவுக்குப் போடவில்லை. அவள் வந்தால் டாக்டர் கேட்பார், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று. அந்த அக்கா ஒன்றும் இல்லை என்று சொன்னார் என்பாள். அதை நினைத்தாலே கை போனிலிருந்து பின்வாங்கியது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். முதலில் நான் சொன்னதையாவது இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. இது என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தது.

பிறகு கோவிட் வந்தது. பள்ளிகளை மூடினார்கள். எங்கள் வேன் கிளினிக் பின்னால் நின்று சக்கரத்தில் காற்றிறங்கிப் போனது. தோட்டத்துப் பிள்ளைகளின் வாயை யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்பல் விழுந்து முளைத்தது அந்தக் காலத்தில்தான். எல்லாம் திறந்த பிறகு என்னைப் பள்ளிக் குழுவிலிருந்து எடுத்து, பல் சீரமைப்பு நிபுணர் உட்காரும் பெரிய கிளினிக்கில் போட்டார்கள். அந்தப் பட்டியல் எந்தக் கோப்பில் போனது என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

அந்தத் தாயையும் மகளையும் மறுபடி பார்த்தது ஒரு சனிக்கிழமை, சுங்கைப்பட்டாணியில் ஒரு சாப்பாட்டுக் கடையில். தாய்தான் என்னைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். பிள்ளைக்குப் பத்து வயது ஆகியிருந்தது. தட்டில் இருந்த மீ கோரேங் நூடுல்ஸைத் தாய் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். கைப்பையில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறாள், எங்கே போனாலும் கொண்டு போகிறாள்.

"முன்பல்லால கடிக்க வரலக்கா. இழுத்து இழுத்துத் துப்பிடுறா. அதான் வெட்டிக் குடுத்துடுறேன்." அதைச் சொல்லும்போது அவளிடம் குறை ஒன்றும் இல்லை. "புதுப் பல்லும் அப்பிடியேதான் வந்துருக்கு. இன்னும் பெரியவளானா சரியாயிடும்லக்கா?"

பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மோவாய் முன்னால் வந்திருந்தது, மேல் உதடு உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு கை வாயை மூடியிருந்தது, இன்னொரு கையால் சாப்பிட்டாள். கவளத்துக்குக் கவளம் அந்தக் கை விலகி மறுபடி வந்து மூடிக்கொண்டது. நாய்க்குட்டி எப்படியிருக்கிறது என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

"இப்பல்லாம் பேசவே மாட்டேங்குறாக்கா. ஸ்கூல்ல பசங்க என்னமோ பேர் வெச்சிக் கூப்புடுறாங்களாம். கதை சொல்ற போட்டிக்குப் பேர் குடுத்திருந்தா, அப்பறம் அவளே போய்ப் பேர வெட்டிட்டு வந்துட்டா."

திங்கட்கிழமையே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அன்றைக்குக்கூட ஏன் என்று சொல்லவில்லை. வந்தார்கள். நிபுணரைப் பார்க்க வரிசை நீளம், எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் வருகிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சிப் பார்த்தேன். முறை வந்தபோது பிள்ளை ஆறாம் ஆண்டுக்குப் போய்விட்டாள்.

அந்த இடைப்பட்ட காலத்தில் ஒரு முறை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மண்டியிட்ட பிறகு இதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பொய் சொன்னேன் சுவாமி என்றேன். யாருக்காவது கெடுதல் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். மனம் வருந்துகிறாயா என்றார். வருந்துகிறேன் என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோபம் வந்தது எனக்கு, அவர்மேல் இல்லை. இவ்வளவு மலிவாக என்னை விட்டுவிடுகிறார்களே என்று.

போன மாதம் பிள்ளையின் முறை வந்தது. நிபுணர் ஒரு சீனப் பெண், சின்ன வயது, நல்ல பொறுமைசாலி. தாய் என்னைக் கூடவே இருக்கச் சொன்னாள். பிள்ளையை நாற்காலியில் சாய்த்து, கையை எடுக்கச் சொல்லி, எச்சிலை முழுங்கிக் கடிக்க வைத்தார்கள். நாக்கை மடித்து அண்ணத்தைத் தொட்டுக் கடிக்கவும் சொன்னார்கள். நான் டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். நுனியோடு நுனி முட்டவில்லை. கீழ் வரிசை நல்ல தூரம் முன்னாலேயே நின்றது. மேலே இடம் இல்லாமல் ஒரு கோரைப்பல் ஈறுக்கு மேலே முளைத்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைச் சுவரில் விளக்குக்கு முன்னால் மாட்டினார். எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு வார்த்தைகூட விடவில்லை, கூட்டவும் இல்லை. இது இப்போது பல் விஷயம் இல்லை, தாடை எலும்பு விஷயம். தகடு, கம்பி மட்டும் போட்டு இதைத் திருப்ப முடியாது. வளர்ச்சி நிற்கிறவரை, ஏறக்குறைய பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தாடையை அறுத்துப் பின்னால் நகர்த்தும் ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும். ஐந்து, ஆறு வயதில் கொண்டு வந்திருந்தால் ஒரு சின்னத் தகடோடு போயிருக்கலாம்.

தாய் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஆறு வருடம் என்று அவள் உதடு அசைந்தது. பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். நான் தமிழில் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். சின்ன வயதில் பாலர் பள்ளியில் பல் பார்த்திருப்பார்களே, யாரும் ஒன்றும் சொல்லவில்லையா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் தாயைப் பார்த்துக் கேட்டேன். கேட்கத்தானே எனக்குச் சம்பளம். "சின்ன வயசுல பல்லு பாத்தப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியான்னு கேக்குறாங்க."

தாய் என்னை நேராகப் பார்த்தாள். சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"யாரும் சொல்லலக்கா. நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம்."

நான் டாக்டர் பக்கம் திரும்பி, "தாக் அடா, டொக்டர்", யாரும் சொல்லவில்லையாம் என்றேன். அவர் அதை அட்டையில் எழுதிக்கொண்டார். தோட்டத்துப் பெற்றோர்கள் இப்படித்தான் என்பதுபோல லேசாக ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சும் அவள் தலையில்தான் விழுந்தது.

வெளியே வந்ததும் தாய் என் கையைப் பிடித்து நடைபாதை ஓரமாக இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான் சொன்னது சரிதானக்கா? நீங்கதான் அன்னிக்கி ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்கன்னு சொல்லியிருந்தா ஒங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிருக்கும். பென்ஷன் வேற வரப் போவுது. நல்ல மனசோடதான சொன்னீங்க. அன்னிக்கி நீங்க சொன்னதுல இருந்து இவள நான் அடிச்சதே இல்லக்கா."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் தாயின் முதுகுக்குப் பின்னால் ஓர் எட்டில் நின்றிருந்தாள் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. அவள் முன்னால் வந்தாள். வாயை மூடியிருந்த கையைக் கீழே இறக்கினாள்.

"என்ன சொன்னீங்க ஆண்ட்டி?"

வார்த்தைகள் கொஞ்சம் காற்றாக வந்தன. தாய் அவள் தோளைப் பிடித்து, "ஒன்னோட வேலயப் பாரு" என்றாள். நான் தாயின் கையை விலக்கினேன். இந்தப் பிள்ளைக்காவது நேராகச் சொல்ல வேண்டும்.

"தாதி ஒன்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான்தான் ஒங்கம்மாகிட்ட வேணாம், தானாச் சரியாயிடும்னு சொல்லிட்டேன்."

"அப்ப எனக்கு அஞ்சு வயசா?"

"ஆமா."

"சின்னத் தகடுன்னு டாக்டர் சொன்னாங்களே, அதுவா?"

"ஆமாம்மா. அதுதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏன் என்றாவது கேட்பாள் என்று நினைத்தேன், சொல்வதற்கு என்னிடம் மிளகாய்க் கதை, அடி வாங்கிய உதடு எல்லாம் தயாராக இருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. கை மறுபடி மேலே போய் வாயை மூடிக்கொண்டது. தாய்க்காகக்கூடக் காத்திருக்காமல் மோட்டார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்து போனாள்.